கரையைத் திருத்துமுன்

நகரத்தை அழகுபடுத்த வேண்டும் என்ற எண்ணம் எந்த நிர்வாகத்துக்கும் உண்டாவது நல்லதே. ஆனால் அந்த எண்ணம் நீர்க்கரையை நோக்கித் திரும்பும்போது, மற்ற இடங்களுக்கு வேண்டாத ஒரு நிதானம் அங்கே வேண்டியிருக்கிறது. தெருவைத் திருத்தினால் தெரு நின்ற இடத்தில் நிற்கும். கடற்கரையோ திருத்தியவருடைய உத்தேசத்துக்கு இணங்கிச் சும்மா கிடப்பதில்லை. 1688-இல் தோன்றி, இந்தியாவிலேயே மூத்த நகரசபை என்ற பெருமையை உடைய சென்னை மாநகராட்சி, மெரினாவிலும் அதை அடுத்த கரைகளிலும் நடைபாதை, அங்காடி முதலிய பொதுச் சௌகரியங்களை அமைத்துவருகிற இக்காலத்தில், கரையின் இந்தச் சுபாவத்தை நினைவூட்டுவது அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

இன்று நாம் உலாவுகிற மணற்பரப்பில் பெரும்பகுதி, ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. 1876-இல் துறைமுக வேலை தொடங்கிக் கடலுக்குள் கல்லணைகள் நீட்டப்பட்ட பிறகு, ஆண்டின் பெரும்பாகம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிற மணல், அந்த அணைகளால் தடுக்கப்பட்டு அவற்றின் தென்புறத்தில் குவியலாயிற்று. அக்கரையை ஒட்டித்தான் 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் உலாவுசாலை அமைத்து, சிசிலித் தீவின் ஞாபகமாக அதற்கு மெரினா என்று பெயரிட்டார். அதே அணைகளின் வடபுறத்திலோ, வர வேண்டிய மணல் வராமற்போகவே, ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையில் கடல் கரையைத் தின்றது; வீடுகளும் சாலையும் அலைக்கு இரையாயின; மணல் இருந்த இடத்தில் இன்று கருங்கல் கிடக்கிறது. மெரினாவின் அகலத்தில் வடசென்னை இழந்த மணலும் சேர்ந்திருக்கிறது என்பதை மறந்து, ஒரு மைல் கரையை மட்டும் படத்தில் எடுத்துவைத்துக்கொண்டு போடுகிற திட்டம், எவ்வளவு அழகாக வரையப்பட்டிருந்தாலும் அரைகுறைத் திட்டமே.

2022 நவம்பர் 27-ஆம் தேதி மாற்றுத்திறனாளிகளுக்காக மெரினாவில் 263 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. மணலில் சக்கர நாற்காலி புதைந்துபோகும் என்பதனால் சாலையோரத்தில் நின்று தூரத்து நீலத்தை மட்டும் பார்த்துத் திரும்பியவர்கள், அலைக்கு அருகே செல்ல அதனால் வழி பிறந்தது. இரண்டு வாரங்கூட ஆகவில்லை. மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியைக் குலைத்துவிட்டது. பணம் கடலில் போயிற்று என்று ஏளனம் செய்தவர்களின் கட்சியை நான் சேர்ந்தவனல்லன். மரம் பெயர்ந்தால் மறுபடி பதித்துக்கொள்ளலாம். அப்படியே செப்பனிடவும் பட்டது. ஆனால், கடலோரத்தில் எதைக் கட்டினாலும் ஐப்பசி கார்த்திகையில் அது பழுதுபடும் என்பதை எதிர்பார்த்து, ஆண்டுதோறும் அதற்கென ஒரு தொகையை வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கிவைப்பதுதான் விவேகம். திறப்புவிழாவுக்குக் கிடைக்கிற பணம் பராமரிப்புக்குக் கிடைக்காமற்போவது நம் பொதுக்காரியங்களில் பழகிப்போன வியாதி.

மெரினாவை அடுத்த லூப் சாலையில் 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு திறக்கப்பட்ட நவீன மீன் அங்காடியையும் இவ்வாறே பட்சபாதமின்றிப் பார்க்க வேண்டும். வெயிலில் சாலையோரம் உட்கார்ந்து விற்றுவந்த பெண்களுக்குக் கூரையும் தண்ணீரும் கிடைத்தது மெய்யான உபகாரம். எனினும் கரையில் நடக்கிற ஜீவனத்தில் விற்பனை ஓர் அங்கம் மாத்திரமே. வரைபடத்தில் வெற்றிடமாகத் தோன்றுகிற மணலில்தான் படகு ஏற்றப்படுகிறது, வலை உலர்கிறது, கிழிந்த கண்ணிகள் தைக்கப்படுகின்றன, குப்பத்துப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். கடற்கரை எல்லாப் பிரஜைகளுக்கும் பொதுவாயிற்றே, ஒரு சாராருக்கு மட்டும் அதில் என்ன சலுகை என்று சிலர் கேட்கலாம். பொதுதான்; ஆனால் காற்று வாங்க வந்தவருக்கு ஓர் இடம் அடைபட்டால் அவர் நாலு அடி தள்ளி உட்காருவார்; படகு ஏற்றுகிறவருக்கு அந்த இடம் அடைபட்டால் அன்றைய பிழைப்பே அடைபட்டுப்போகும். இவ்வித்தியாசத்தை முன்கூட்டியே கணக்கில் கொண்டால், இருவருடைய உரிமையும் மோதிக்கொள்ள வேண்டிய அவசியமே இராது.

முன்கூட்டிக் கேட்பதற்கு வழியும் இருக்கிறது. 2022 நவம்பர் முதல் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, நம் மாநிலத்து நகரங்களில் அந்தந்த வட்டாரத்தார் கருத்துச் சொல்லும் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. கரையைப் பற்றிய எந்த யோசனையும் அச்சபைக்குத் தமிழில், கடலுக்குப் போனவர்கள் திரும்பியிருக்கும் வேளையில், குப்பத்திலேயே வர வேண்டும். கரையின் வடக்கே உள்ளவர்களும் அதற்கு அழைக்கப்பட வேண்டும். வரைபடம் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்காக, வரப்போகிற கட்டடத்தின் அளவை மணலிலேயே முளையடித்துக் கயிறு கட்டிக் காட்டிவிட்டால், படகு எங்கே இடிக்கும், வெள்ளம் எந்தப் பக்கம் வடியும் என்பதை அங்கே நிற்கிற கிழவரே சொல்லிவிடுவார். அதற்கு ஒரு நாள் போதும். டெண்டர் கோருவதற்கு முன் அந்த ஒரு நாளை ஒதுக்கும்படி மாமன்ற உறுப்பினர்களை வேண்டிக்கொள்கிறேன்.