வாட்ஸ் கேட்காதீங்க, லிட்டர் கேளுங்க: பிக்கப் வண்டியில் சப்வூஃபர் மாற்றப் போறீங்களா?

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் வியாபாரம் பார்க்கும் நண்பன் ஒருவன் போன வருடம் டபுள் கேப் பிக்கப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினான். பின்சீட்டுக்கு அடியில் பழைய ஓனர் செய்து வைத்த எம்.டி.எஃப் பாக்ஸ், அதில் இரண்டு 10 இன்ச் சப்வூஃபர். பாட்டு நன்றாகவே கேட்டது. ஆனால் ரீல்ஸில் 12 இன்ச் கோன் எகிறிக் குதிப்பதைப் பார்த்தபிறகு அவனுக்கு மனசு ஆறவில்லை. அதே பாக்ஸில் ஓட்டையைப் பெரிதாக்கி இரண்டு 12 இன்ச் மாட்டினான். கூலியோடு சேர்த்து 31,000 ரூபாய். மூன்றாவது நாள் போன் வந்தது: "மாப்ள, பழசே நல்லா இருந்துச்சுடா."

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பது அவன் கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் கடையில் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணா, எத்தனை வாட்ஸ்?" தப்பான கேள்விக்குச் சரியான பதில் வந்தால் இப்படித்தான் ஆகும்.

பாக்ஸ் என்பது வெறும் பெட்டி இல்லை

சைக்கிள் பம்பின் ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளும். மூடிய சப்வூஃபர் பாக்ஸுக்குள் நடப்பதும் இதேதான். கோனின் பின்னால் இருக்கும் காற்றுதான் அதன் ஸ்பிரிங். பாக்ஸ் சின்னதாக இருந்தால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும். அப்போது ஆழமான பேஸ் குறைந்து, அதற்கு மேலே ஏதோ ஓர் இடத்தில் மட்டும் 'டொம் டொம்' என்று வீங்கும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே டிரம் மாதிரி கேட்கிறது என்று சிலர் சொல்வார்களே, அது இதுதான்.

நண்பனின் பாக்ஸை நானே டேப் வைத்து அளந்தேன். வெளியே 100 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம். பலகை 18 மி.மீ. தடிமன், நடுவில் ஒரு தடுப்பு. அதையெல்லாம் கழித்தால் உள்ளே சுமார் 43 லிட்டர். ஆளுக்குப் பாதி, அதிலும் ஸ்பீக்கரின் உடம்பு அடைக்கும் இடம் போனால், ஒவ்வொன்றுக்கும் 20 லிட்டர் சொச்சம். 10 இன்ச் சப்வூஃபர் பலவற்றுக்கு இது தாராளம். அவன் வாங்கிய 12 இன்ச் கேட்டதோ 30 லிட்டர். இது பெட்டிக்குள் வந்த காகிதத்திலேயே அச்சடித்திருந்தது. அந்தக் காகிதத்தை யாரும் பிரிக்கவே இல்லை.

அந்தக் காகிதத்தில் இருக்கும் எண்களுக்கு 'தீல்-ஸ்மால்' அளவுகள் என்று பெயர். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-ல் தொடங்கியதை, 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கினார். எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்ற நிலை அப்போதே வந்துவிட்டது. நாம் இன்னும் கண்ணளவில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆழமும் ஒரு சிக்கல். மேல்பலகையிலிருந்து அடிப்பலகை வரை 16.2 செ.மீ. இருந்தது. புது ஸ்பீக்கருக்கு 15.5 செ.மீ. வேண்டும். 'உள்ளே போயிடுச்சுல்ல' என்று விட்டுவிட்டார்கள். ஆனால் மேக்னெட்டின் பின்னால் காயிலுக்குக் காற்று போகும் துளை இருக்கிறது. அதன் முன்னால் ஒரு செ.மீ.கூட இடைவெளி இல்லை. பேஸ் வரவில்லையே என்று வால்யூமை ஏற்ற ஏற்றக் காயில் சூடாகி, கடைசியில் கருகல் வாசனை வந்ததில் ஆச்சரியமே இல்லை.

(உங்கள் பாக்ஸில் குழாய் வைத்த போர்ட் இருந்தால் இன்னும் கவனம் தேவை. குழாயின் நீளமும் விட்டமும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்காக வெட்டப்பட்டவை. அதற்குக் கீழே போனால் கோனைத் தாங்கக் காற்றே இருக்காது. தன் எல்லையைத் தாண்டிக் குதித்துக் கிழிந்துவிடும்.)

'டூயல் 4 ஓம்' செய்த வேலை

பழைய ஸ்பீக்கர்கள் தலா 4 ஓம். இரண்டையும் பக்க இணைப்பில் கொடுத்தால் 2 ஓம். ஆம்ப் தாங்கும் குறைந்தபட்சமும் அதுவே. புதியவை 'டூயல் 4 ஓம்', அதாவது ஒரு ஸ்பீக்கருக்குள் இரண்டு காயில். நான்கு காயிலையும் பக்க இணைப்பில் கொடுத்ததும் 1 ஓம் ஆகிவிட்டது. வால்யூமை ஏற்றினால் ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆஃப் ஆனது.

சரி, வேறு மாதிரி இணைக்கலாமே என்றால், அடுத்து கிடைப்பது 4 ஓம்தான். நடுவில் 2 ஓம் வரவே வராது. 4 ஓமில் ஆம்பின் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே மாடலில் 'டூயல் 2 ஓம்' வாங்கியிருந்தால் கணக்கு அழகாக 2 ஓமில் வந்து நின்றிருக்கும். பில்லில் ஒரே ஒரு எண் மாறியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாட்ஸ் விஷயத்துக்கு வருவோம். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுவது பெரும்பாலும் 'பீக்'. நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். இன்னொன்று, சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற கிட்டத்தட்ட பத்து மடங்கு சக்தி வேண்டும். 500-லிருந்து 1,000 வாட்ஸுக்குப் போவது கேட்க கெத்தாக இருக்கும். காதில் அவ்வளவு தெரியாது.

ஒயரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சீரியஸாகவே சொல்கிறேன். உண்மையான 1,000 வாட்ஸ் தரும் ஆம்ப், முழு வேகத்தில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 90 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்த ஒயர் இன்ஜின் அறையின் தகரத்தைத் துளைத்து உள்ளே வருகிறது. துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் உரசித் தோல் போனால், நேராக ஷார்ட். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருந்தால் ஃபியூஸோடு போகும். இல்லையென்றால் வண்டியோடு. நண்பன் வண்டியில் ஃபியூஸ் இருந்தது, ஆனால் ஆம்ப் பக்கத்தில்! அங்கே இருந்து பாதி வண்டி நீள ஒயரை அது எப்படிக் காப்பாற்றும்? தாமிரம் பூசிய அலுமினிய ஒயரைத் தாமிரம் என்று விற்பதும் உண்டு. நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

அப்போ மேம்படுத்தவே கூடாதா?

தாராளமாகச் செய்யுங்கள். என் கட்சி, பிக்கப்பில் இன்ச் ஏற்றாதீர்கள் என்பதுதான். டிக்கி இல்லாத வண்டியில் சீட்டுக்கு அடியில் இருக்கிற லிட்டர் அவ்வளவே. அதே 10 இன்ச்சில் நல்லதாக ஒன்று வாங்குங்கள், மிச்சப் பணத்தை ஒயருக்கும் பாக்ஸின் இணைப்புகளை ஒட்டி இறுக்கவும் செலவழியுங்கள். 12 இன்ச்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஆழம் குறைந்த ஷேலோ மாடல்கள் இருக்கின்றன. ஆனால் அவையும் லிட்டர் கேட்கும். கடைக்குப் போகும் முன் பாக்ஸை அளந்து, ஆம்பின் கீழே ஒட்டியிருக்கும் குறைந்தபட்ச ஓம் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பாக்ஸ் செய்யும் அண்ணன்களிடம் கைத்திறமைக்குப் பஞ்சமே இல்லை. அளவு சொல்லிக் கேட்டால் அருமையாகச் செய்து தருவார்கள்.

நண்பன் இப்போது மேல்பலகையை மட்டும் மாற்றிப் பழைய 10 இன்ச்களையே திரும்ப மாட்டிவிட்டான். ஃபியூஸும் பேட்டரி பக்கம் வந்துவிட்டது. அந்த இரண்டு 12 இன்ச்சும் தேங்காய் குடோனில் சாக்குக்குள் தூங்குகின்றன. அறுபது லிட்டர் இடம் இருக்கிற வண்டிக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பாதி விலைக்கே தருகிறானாம்.