நடையும் நாலு பேர் பேச்சும்

"ஊரில் இருக்கும்வரை ஒரு வருத்தமும் இல்லை. இங்கே வந்த பிறகுதான் சீனியும் பிரசரும்." ரொறன்ரோவில் எம்மவர் கூடும் இடமெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்கிறோம். குளிரும் குளிர்சாதனப் பெட்டிச் சாப்பாடும்தான் காரணம் என்று பலரும் சொல்லி முடித்துவிடுகின்றனர். காரணம் அதைவிட ஆழமானது என்பதே எமது கருத்து. நாம் நாடு மாறியது மட்டுமல்ல, கிராமத்து வாழ்க்கையை விட்டு நகரத்து வாழ்க்கைக்கும் மாறினோம்.

இதற்குச் சான்று இலங்கையிலேயே உண்டு. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் வடக்கு, கிழக்கு தவிர்ந்த ஏழு மாகாணங்களில் ஓர் ஆய்வு நடந்தது. நகரங்களில் வாழ்ந்த வளர்ந்தோரில் 16.4 வீதமானோருக்கும், கிராமங்களில் 8.7 வீதமானோருக்கும் நீரிழிவு இருந்தது. இந்தியாவில் 2023 இல் வெளியான பெரிய ஆய்வும் இதையே காட்டியது: நகரத்தில் 16.4 வீதம், கிராமத்தில் 8.9 வீதம். கொழும்பிலும் சென்னையிலும் பனி கொட்டுவதில்லை. குளிரைச் சாட்டுச் சொல்ல அங்கே இடமில்லை.

அப்படியானால் கிராமத்தில் இருந்தது என்ன?

யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றில் அந்நாளில் யாராவது "உடற்பயிற்சிக்குப் போகிறேன்" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, முற்றம் கூட்டுவது, மா இடிப்பது, தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுவது, சந்தைக்குச் சைக்கிள் மிதிப்பது எல்லாம் அன்றாட வேலைகள். அவற்றைச் செய்து முடிக்கும்போதே உடலுக்கு வேண்டிய அசைவு கிடைத்துவிட்டது.

மனிதர் துணையும் அப்படியே. வேலிப் பொட்டுக்குள்ளால் கறி போகும், கதையும் போகும். வாசிகசாலையில் பத்திரிகை, கோயில் வீதியில் பின்னேரப் பேச்சு, ஒழுங்கை முகப்பில் ஒரு விசாரிப்பு. இரண்டு நாள் ஒருவரை வெளியே காணாவிட்டால், "என்ன, ஆளைக் காணேல்லை?" என்று யாராவது படலையைத் திறந்துகொண்டு வந்துவிடுவார்கள்.

இதற்காகக் கிராமத்தைச் சொர்க்கமாக்கிப் பேச நாம் விரும்பவில்லை. பாம்பு கடித்தவரையும் பிரசவ வலி எடுத்தவரையும் கொண்டு ஓடி, வைத்தியசாலை போய்ச் சேருமுன் இழந்த குடும்பங்கள் உண்டு. தோட்டங்களுக்கு அள்ளிப் போட்ட உரத்தால் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றுக் கூடியது. ஊர் வாய்க்குப் பயந்து மனநோயை மூடி மறைத்தவர்களும் ஏராளம். இங்கே 911 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் வாசலுக்கு வருகிறது. 811 ஐ அழைத்தால் எந்த நேரமும் ஒரு தாதியிடம் ஆலோசனை கேட்கலாம். மனக்கவலையை வைத்தியரிடம் அந்தரங்கமாகச் சொல்லலாம். இவை நகரம் தந்த வரங்கள்.

அத்தோடு நாம் நினைவில் வைத்திருக்கும் கிராமமும் மாறிவிட்டது. துலாவின் இடத்தில் மோட்டர், சைக்கிளின் இடத்தில் மோட்டார் சைக்கிள், உரலின் இடத்தில் மில். மேலே சொன்ன இந்திய ஆய்வில், நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருப்போர் நகரத்தில் 15.4 வீதம், கிராமத்தில் 15.2 வீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். உழைப்புக் குறைந்தால் கிராமத்துக் காற்று மட்டும் எவரையும் காப்பாற்றாது என்பதற்கு இதுவே சாட்சி.

எனவே எமது கருத்து இதுதான். அன்றைய ஊரில் நடையும் நாலு பேர் பேச்சும் கேளாமலே கிடைத்தன. நகரத்தில் அவை தாமாக வரமாட்டா. நாமே ஏற்பாடு செய்தால்தான் வரும்.

நாம் அந்த ஏற்பாட்டைச் செய்கிறோமா? வீட்டு வாசலில் காரில் ஏறி, வேலைத்தள வாசலில் இறங்குகிறோம். தொடர்மாடியில் இரண்டாம் மாடிக்கும் லிப்ற் தேடுகிறோம். தோட்டம் கொத்தியவரின் தட்டில் இருந்த அளவு சோறு, எட்டு மணிநேரம் கதிரையில் இருப்பவரின் தட்டிலும் இருக்கிறது. ஒன்ராறியோவில் குடிவந்தோரைப் பற்றி 2010 இல் வெளியான ஓர் ஆய்வு, மேற்கு ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தோரைவிடத் தெற்காசியருக்கு நீரிழிவு ஆபத்து மூன்று, நான்கு மடங்கு என்று காட்டியது. பரம்பரையை நாம் மாற்ற முடியாது. தட்டையும் நடையையும் மாற்றலாம்.

இதில் ஆகக் கூடுதலாகப் பாதிக்கப்படுவோர் எமது முதியவர்களே. பேரப்பிள்ளைகளைப் பார்க்கவென்று அழைத்த அம்மம்மாவும் அப்பப்பாவும் நிலக்கீழ் அறையில் காலை முதல் மாலை வரை தனியே இருக்கிறார்கள். பாதை தெரியாது, மொழி தெரியாது, வழுக்கி விழுந்துவிடுவோமோ என்ற பயம் வேறு. "அவைக்கு என்ன குறை? ரீவி இருக்கு, ஹீற்றர் இருக்கு" என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்கிறோம். ஊரில் ஒரு நாளில் இருபது பேரோடு கதைத்த மனிதருக்கு ரீவி துணையாகுமா? தனிமை மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் மறதி நோய்க்கும் உள்ள ஆபத்தைக் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே 2023 இல் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. எனவே தனிமையை வெறும் மனக்குறை என்று தள்ளிவிடக் கூடாது.

வெயிலும் ஒரு விடயம். பனிக்காலத்தில் இந்த நகரத்து வெயில் எமது தோலில் விற்றமின் டி உண்டாக்கப் போதாது. 50 வயதைத் தாண்டியவர்கள் நாளொன்றுக்கு 400 அலகு விற்றமின் டி மாத்திரை எடுக்கவேண்டும் என்று கனடிய சுகாதாரத் திணைக்களம் சொல்கிறது. வேறு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

இனி என்ன செய்யலாம்?

முதலாவது, நடை. வாரத்துக்கு 150 நிமிடம் சற்று வேகமாக நடக்கவேண்டும் என்கின்றனர் நிபுணர்கள். நாளொன்றுக்கு அரை மணிநேரமாக ஐந்து நாட்கள் போதும். பனிக்காலத்தில் பேரங்காடிகளுக்குள் நடக்கலாம். கடைகள் திறக்குமுன்பே நடப்பவர்களுக்குக் கதவு திறக்கும் இடங்கள் பல உண்டு. ஒரே தொடர்மாடியில் இருக்கும் நாலு குடும்பத்து முதியவர்கள் சேர்ந்து போனால் பாதையும் தெரியும், பேச்சுத் துணையும் கிடைக்கும்.

இரண்டாவது, தட்டு. சோற்றைப் பாதியாக்கி, கீரையும் மரக்கறியும் பருப்பும் மீனும் மற்றப் பாதியை நிரப்பட்டும். குரக்கனும் முருங்கையிலையும் தமிழ்க் கடைகளில் கிடைக்கின்றன.

மூன்றாவது, பரிசோதனை. 40 வயதைத் தாண்டியவர்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்தத்தில் சீனி பார்க்கவேண்டும். எம்மைப் போன்ற தெற்காசியர் அதற்கு முன்பே தொடங்குவது நல்லது. வருத்தம் தெரிந்த பிறகு போவோம் என்றிருந்தால், கண்ணும் சிறுநீரகமும் அதற்குள் பழுதாகிவிடலாம்.

நான்காவது, படலை திறக்கும் பழக்கம். அதை இங்கேயும் கொண்டுவரலாம். தனியே இருக்கும் முதியவர் ஒருவருக்கு நாளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, வாரத்துக்கு ஒரு சந்திப்பு. இதற்குப் பணம் வேண்டாம். பத்து நிமிடம் போதும். சங்கத்தின் கலைவிழாக்களுக்கு மண்டபம் நிரம்ப ஆட்களைச் சேர்க்கத் தெரிந்த எமக்கு, ஒரு நடைக் குழுவுக்குப் பத்துப் பேரைச் சேர்ப்பது பெரிய காரியமா?

ஊரை இங்கே கொண்டுவர எம்மால் முடியாது. ஊர் எம்மைச் சுகமாக வைத்திருந்த இரண்டு காரியங்களைக் கொண்டுவர முடியும். பெற்றோர் இருக்கும்போதே அதைச் செய்வோம். நடக்க விரும்புவோரும், முதியவர்களைக் காரில் ஏற்றி இறக்க உதவக்கூடியோரும் அடுத்த ஒன்றுகூடலில் தமது பெயர்களைத் தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.