தாத்தா வாட்ச் ஏன் ஓடல?

மகளுக்கு 18 வயசு ஆகப்போகுது. அவள் பிள்ளைக்கும் போய்ச் சேருற மாதிரி ஒரு நல்ல வாட்ச் வாங்கித் தரணும்னு ஆசை. மனசு ஜேகர்-லெகூல்ட்ர் ரிவெர்ஸோவில் நின்னுது. இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடி உடையாமல் இருக்க, முகத்தைத் திருப்பி மூடும்படி 1931இல் வந்தது. பின்பக்கம் பெயர் பொறிக்கலாம். சாவி கொடுக்கிற மாடல்தான், பேட்டரி தேட வேண்டாம்.

"தாத்தா வாட்ச் ஏம்ப்பா ஓடல?" என்றாள் மகள்.

அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா. 20 வருஷமா பீரோவில் கிடக்கு. நான் ஒருநாள்கூட சர்வீஸுக்குக் கொடுத்ததில்லை. வெட்கமாப் போச்சு.

இப்போ ஜனதா ரிப்பேரில் இருக்கு. பிறந்தநாளுக்கு ரெண்டையும் சேர்த்தே கொடுக்கப் போறேன். நீங்களும் விலையைக் கேட்கும்போதே, 30 வருஷம் கழிச்சுப் பழுது பார்த்துத் தருவீங்களான்னும் கேளுங்க. சர்வீஸ் செலவையும் கணக்கில் வையுங்க.