தோன்றாதவருக்குத் தோன்றுவது

ஷேக்ஸ்பியரைத் தமிழாக்குகிறவர்கள் ‘மீதிங்க்ஸ்’ என்ற சொல்லுக்கு ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று எழுதுவது பிழை, ‘நான் நினைக்கிறேன்’ என்பதே சரி என்று நண்பர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். சாட்சி விசாரணை நடந்த மாதிரி தெரியவில்லை.

‘ஐ’ வரவேண்டிய இடத்தில் ‘மீ’ வந்தது பாமரர் வாய்ப்பிழையாம், ‘திங்க்ஸ்’ என்பது நம் ‘திங்க்’தானாம். இருக்கட்டும், வாலில் தொங்கும் அந்த ‘ஸ்’ எங்கிருந்து வந்தது ஐயா? ‘ஐ திங்க்ஸ்’ என்று எழுதினால் ஆறாம் வகுப்பிலேயே காதைத் திருகியிருப்பார்களே! ‘மீ’ எழுவாயே அல்ல, நான்காம் வேற்றுமை, நம் ‘எனக்கு’. தோன்றுகிற பொருள் படர்க்கை. அதற்குத்தான் அந்த ‘ஸ்’.

வினையும் வேறு. பழைய ஆங்கிலத்தில் நினைத்தலுக்குத் ‘தெஞ்சன்’, தோன்றுதலுக்குத் ‘த்யுஞ்சன்’ என்று, பங்காளிகளானாலும் அடுப்பு தனித்தனியாக வைத்திருந்த இரண்டு வினைகள். பின்னால் ஒலி தேய்ந்து இரண்டும் ஒரே உருவாயின. நினைப்பு வீட்டை எடுத்துக்கொண்டது, தோற்றம் ‘மீதிங்க்ஸ்’ என்ற திண்ணையில் ஒண்டிக் கிடந்து வழக்கொழிந்தது. ஜெர்மனில் ‘டெங்கன்’, ‘ட்யுங்கன்’ என்று பாகம் இன்னும் பிரிந்தே இருக்கிறது.

நண்பர் துணைக்கு அழைப்பது சாமுவேல் ஜான்சனை. 1755-இல் வந்த அகராதியில் ஜான்சன், பிரெஞ்சு பேசிய நார்மானியர் ‘மீ’யையும் ‘ஐ’யையும் குழப்பியதால் வந்த திரிபாக இது கருதப்படுகிறது என்று எழுதிச் சறுக்கியது உண்மை. ஆனால் அதே பதிவில் ‘எனக்குத் தோன்றுகிறது’ என்ற பொருளையும் அவர் தந்திருக்கிறாரே, அதற்குள் நண்பருக்குக் கண் அயர்ந்துவிட்டதா? இதில் வேடிக்கை, ‘மீசீம்ஸ்’ என்பதற்கு ‘எனக்குப் படுகிறது’ என்று அவரே பொருள் எழுதுகிறார். ஒரே அச்சில் வார்த்த இரண்டில் ஒன்றில் ‘மீ’ இலக்கணம், மற்றதில் வாய்ப்பிழையா?

நண்பருக்கு ஏன் இந்தப் பாடு என்றால், அவருடைய கட்டுரையில் பத்திக்குப் பத்தி ‘நான் நினைக்கிறேன்’ வருகிறது. பசிப்பதும் தெரிவதும் புரிவதும் ‘எனக்கு’ என்றே நடக்கும் மொழியில் பிறந்துவிட்டு, ‘ஐ திங்க்’கைச் சட்டை மாற்றி நடமாடவிட்டவருக்கு, அதற்கொரு பூர்வீகப் பத்திரம் வேண்டியிருக்கிறது.

‘லைக்’கும் இதே தெருவில் குடியிருந்த வினைதான். ‘இட் லைக்ஸ் மீ’ என்றால் அந்நாளில் ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று பொருள். நண்பர் மொழிபெயர்த்தால், வறுவலைச் சுவைத்துக்கொண்டே ஒரு பாத்திரம் இதைச் சொல்லும்போது, வறுவல் அல்லவா அவனை விரும்பும்?