நிவாரண உணவுக் கணக்கில் சிறு உழவர் எங்கே?

போரிலும் வறட்சியிலும் சிக்கிய மக்களுக்கு என்ன தானியம், எங்கே வாங்கி, எந்த வழியில் அனுப்புவது என்பதை இப்போது கணினியும் சேர்ந்து முடிவு செய்கிறது. இதைக் கேட்டாலே நம்ம ஆட்கள் பலருக்கு ஒரு வெறுப்பு. எனக்கு அந்த வெறுப்பு இல்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது.

ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம், நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'ஆப்டிமஸ்' என்ற மென்பொருளை உருவாக்கியது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,100 கலோரி வேண்டும். புரதம், கொழுப்பு, இரும்புச்சத்தும் வேண்டும். இதைக் குறைந்த செலவில் எப்படிக் கொடுப்பது என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். ஒரு பருப்பின் விலை ஏறினால் அதே சத்துக்கு வேறு பருப்பைக் காட்டும். ஒரு சாலை அடைபட்டால் வேறு வழி காட்டும். 2021ல் இந்தப் பணிக்கு ஃப்ரான்ஸ் எடெல்மன் விருது கிடைத்தது. 15 கோடி டாலருக்கு மேல் மிச்சம் என்கிறார்கள். மிச்சமாகும் பணம் இன்னொருவர் தட்டில் சோறு. அதைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது.

என் கேள்வி இதுதான். கணினி, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். 'டன்னுக்கு எது மலிவு?' என்று மட்டும் கேட்டால், கப்பல் கப்பலாக ஏற்றும் பெரிய வியாபாரியைத்தான் கைகாட்டும். பக்கத்து மாவட்டத்தில் பத்து மூட்டை சோளம் வைத்திருப்பவர் அந்தப் பட்டியலிலேயே இருக்க மாட்டார். வெளித் தானியம் நேரம் தப்பி வந்து குவிந்தால் உள்ளூர் விலை விழும். அடுத்த போகம் விதைக்க அவருக்கு மனசு வராது. அந்த நஷ்டம் யார் கணக்கிலும் ஏறாது.

கேள்வியை மாற்ற முடியாதா? முடியும். உலக உணவுத் திட்டமே 2008ல் தொடங்கி 20 நாடுகளில் சிறு உழவர் சங்கங்களிடம் வாங்கிப் பார்த்தது. தானியத்தில் ஈரம், மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு, சொன்ன நாளில் சொன்ன அளவு சேராதது என்று பல இடத்தில் இடித்தது. ஆனாலும் கைவிடவில்லை. விலையோடு உள்ளூர் உழவருக்குக் கிடைக்கும் பலனையும் சேர்த்துப் பார்க்க வழி செய்து, 2019ல் உள்ளூர்க் கொள்முதலுக்கு ஒரு கொள்கையே வகுத்தது. கணினி அதேதான், கேள்விதான் மாறியது.

சரி, நமக்கு இதில் என்ன வேலைன்னு கேட்பீர்கள். இங்கேயும் புயலும் வெள்ளமும் வரத்தான் செய்கிறது. அப்போது பக்கத்து ஊரில் நம்மிடம் வரகும் சாமையும் இருப்பது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டுப் போடட்டும்: என்ன தானியம், எத்தனை மூட்டை, ஈரப்பதம் எவ்வளவு, எந்த மாதம் வரை கொடுக்க முடியும். அந்த நோட்டு குழுவின் சொத்தாகவே இருக்கட்டும். 'உள்ளூரில் வாங்குங்கள்' என்று அதிகாரிகளிடம் நாம் கேட்கப் போகும்போது, கோஷத்தைவிட அந்த நோட்டுதான் பேசும்.