தோட்டத்து வீட்டிலிருந்து ஊர் எவ்வளவு தூரம்?

சென்னையிலோ பெங்களூரிலோ கணினி வேலை பார்த்துவிட்டு, கைக்குழந்தையோடு கிராமத்துக்குக் குடிபோகும் இளம் தம்பதியரை ஈரோடு, தருமபுரி, திண்டுக்கல் பக்கங்களில் இப்போது அடிக்கடி சந்திக்க முடிகிறது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் பேச்சைக் கேட்டு வந்தவர்கள் உண்டு. 2015 சென்னை வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த அன்றே முடிவெடுத்தவர்கள் உண்டு. 2020 ஊரடங்கில் எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று ஆனபின் துணிந்து கிளம்பியவர்கள் உண்டு. மூன்று ஏக்கர் நிலம், ஒரு கிணறு, மண்சுவர் வீடு, இரண்டு நாட்டு மாடு, ரசாயன உரம் படாத காய்கறி, மண்ணில் புரண்டு வளரும் பிள்ளை. இந்த ஆசையில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் வந்தவர்களில் பலர், மூத்த குழந்தைக்கு ஐந்து வயது ஆகும்போது பெட்டி படுக்கையோடு நகரத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, விளைச்சலில் கண்ட நட்டத்தைவிட, குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே அன்றாடத்தை ஓட்ட முடியாமல் போனதுதான் அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

காரணம் பெரும்பாலும் நிலம் வாங்கிய நாளிலேயே விழுந்துவிடுகிறது. ஊரை ஒட்டிய நிலம் விலை அதிகம், விற்பனைக்கும் வராது. கையில் இருக்கும் சேமிப்புக்கு ஊரை விட்டுத் தள்ளி, வண்டித்தடம் மட்டும் உள்ள இடம்தான் அகப்படும். கணவனும் மனைவியும் தனியாக இருக்கும்வரை அந்தத் தனிமை சுகம். குழந்தை வந்ததும் அதே தூரம் சுமையாகிறது. தடுப்பூசிக்கு, காய்ச்சலுக்கு, பாலர் வகுப்புக்கு, விளையாட இன்னொரு பிள்ளைக்கு, எல்லாவற்றுக்கும் ஐந்தாறு கிலோமீட்டர். மினி பஸ் நாளைக்கு இரண்டு முறை வந்தால் பெரிது. நகரத்தில் ரயிலிலும் பேருந்திலும் போய்வந்த குடும்பம் இங்கே வந்து கார் வாங்குகிறது. சூரிய மின்தகடும் மண்சுவரும் மிச்சம் பிடித்ததை அந்தக் கார் எரித்துத் தீர்க்கிறது.

இன்னொரு கணக்கை யாரும் போடுவதில்லை. அந்தியூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் காலைப் பொழுதைப் பார்த்தேன். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கடையில் விற்கும் டயப்பர் மக்காது என்பதால் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த துணிகள்தான் பயன்பாட்டில் இருந்தன. இரவில் நனைந்தவை ஒரு வாளி நிறைய. மும்முனை மின்சாரம் வராததால் மோட்டார் ஓடவில்லை. தொட்டியில் அடிமட்டத் தண்ணீர். அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் ஒரு கையால் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். மழை மூட்டத்தில் முந்தின நாள் துணியே காயவில்லை. கணவர் பயிருக்கு ஜீவாமிர்தம் கலக்கிவிட்டு, ஒன்பது மணிக்கு மடிக்கணினி முன் உட்கார்ந்தார். அவரும் சும்மா இருக்கவில்லை, உண்மைதான். ஆனால் மிக்ஸி வேண்டாம், வாஷிங் மெஷின் வேண்டாம், பாக்கெட் மாவு வேண்டாம், டயப்பர் வேண்டாம் என்று அந்த வீடு எடுத்த ஒவ்வொரு முடிவும் ஒருத்தியின் உடம்பு உழைப்பாக மாறியிருந்தது. நம் பாட்டிமார் இப்படித்தானே வளர்த்தார்கள் என்பார்கள். பாட்டிமாருக்கு மாமியார், நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டுக் கிழவி என்று பிள்ளையைக் கைமாற்ற நாலு பேர் இருந்தார்கள். அந்த நாலு பேர் இல்லாத இடத்தில் அதே வேலைகளை மட்டும் மீட்டெடுப்பது கொடுமை. துணி டயப்பர் நல்லது. அதை வாஷிங் மெஷினில் போட்டுத் துவைப்பதால் பூமி கெட்டுவிடாது. அந்தத் தாய் அரை மணி நேரம் படுக்க முடிவதும் சூழல் கணக்கில் சேர வேண்டிய ஒன்றுதான். விறகடுப்பும் அப்படியே. வீட்டுக்குள் சூழும் புகை சிறு குழந்தைகளுக்கு நிமோனியா வரும் வாய்ப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைக்குழந்தை உள்ள வீட்டில் கேஸ் அடுப்பை மறுப்பதற்கு நியாயமே இல்லை.

தண்ணீருக்கு வருவோம். கிணற்று நீர் இயற்கையானது, ஆகவே நல்லது என்ற நம்பிக்கை தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஆபத்தானது. அங்கே நிலத்தடிப் பாறையிலிருந்தே புளூரைடு நீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வேறு நீர் ஆதாரம் இருந்தால் 1 மில்லிகிராம்தான் எல்லை. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் எட்டு வயதுக்குள்தான் அதன் பாதிப்பு பற்களில் பதிகிறது. பழுப்பேறிய பல் பிறகு வெளுப்பதில்லை. காய்ச்சினாலும் புளூரைடு போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். இந்தச் சிக்கலுக்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. காவிரி நீர் ஊர்க் குழாய்க்கு வருகிறது. ஊருக்கு வெளியே தோட்டத்தில் தனியாக இருப்பவர்கள் அந்தக் குழாய்க்கும் வெளியே நிற்கிறார்கள்.

பாம்பைப் பற்றிப் பேசினால் நகரவாசிகளின் பயம் என்று சிரிப்பவர்கள் உண்டு. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்றும், அதில் கால்வாசிக்கு மேல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றும் 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கட்டுவிரியன் இரவில் தரையில் பாய்போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி தெரியாது, தடமும் சரியாகத் தெரியாது. விடியலில் குழந்தை வயிற்றுவலி என்று அழும். இமை கனத்து மூடும். அஜீரணம் என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் நேரம் கைவிட்டுப் போகும். கட்டிலும், மெத்தைக்கு அடியில் நாலுபுறமும் செருகிய கொசுவலையும் அந்தக் கடியைப் பெருமளவு தடுக்கும். பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவித்தது நல்ல காரியம்.

கிணற்று மேட்டில் கைப்பிடிச் சுவர் இல்லாத தோட்டங்கள் எத்தனை! நீரைச் சேமிக்கப் புதிதாக வெட்டும் பண்ணைக்குட்டையைச் சுற்றி வேலி போடுகிறவர்கள் எத்தனை பேர்? 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காகத் தமிழ்நாடே நான்கு நாள் தூங்காமல் இருந்தது. அது வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த குழி.

இயற்கை வாழ்வின் பெயரால் மருத்துவத்தையே விலக்கும் போக்கும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இதில் எனக்குக் கொஞ்சமும் சமரசம் இல்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகளால் படித்த பெற்றோரே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் காணொளியைப் பார்த்து வீட்டிலேயே நடத்திய பிரசவத்தில் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கால் உயிரிழந்தார். வெறுங்காலோடு மண்ணில் நடக்கட்டும் என்று விடலாம். அப்படியானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கன்வாடியில் தரும் குடற்புழு மாத்திரையும் கொடுத்தாக வேண்டும். கொக்கிப்புழு பாதத்தின் வழியாக நுழைந்து குடலில் தங்கி ரத்தம் குடிக்கும். சோகை பிடித்த பிள்ளை படிப்பிலும் வளர்ச்சியிலும் பின்தங்கும். மண்ணை நேசிப்பவர்கள் மண்ணில் வாழும் புழுவையும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இதே தருமபுரி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே இருக்கும் சிட்லிங்கி இந்த விஷயத்தில் நமக்குப் பெரிய பாடம். 1990களின் தொடக்கத்தில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே போனபோது பச்சிளம் குழந்தைகளின் சாவு சாதாரணச் செய்தி. அறுவைச் சிகிச்சை வேண்டுமென்றால் மலையைத் தாண்டி நெடுந்தூரம் போக வேண்டும். அவர்கள் முதலில் பாரம்பரிய விதையைப் பற்றிப் பேசவில்லை. கூரைக் கொட்டகையில் மருத்துவமனை தொடங்கினார்கள். உள்ளூர் பழங்குடிப் பெண்களுக்கே பிரசவம் பார்க்கவும், பச்சைக் குழந்தையைக் கவனிக்கவும், ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவரவும் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தைகள் பிழைக்கத் தொடங்கின. அந்த நம்பிக்கை வேர்விட்டு ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் இயற்கை வேளாண்மைக்கான உழவர் சங்கம் உருவானது. சிறுதானியம் மீண்டும் நிலத்துக்கு வந்தது. லம்பாடிப் பெண்களின் பூத்தையல் உயிர் பெற்றது. துளிர் என்ற கல்வி மையமும் அங்கே எழுந்தது. வெளியிலிருந்து வந்த குடும்பங்கள் அந்தப் பள்ளத்தாக்கில் பிள்ளை வளர்க்க முடிகிறதென்றால், நள்ளிரவில் கதவைத் தட்ட ஓர் ஆஸ்பத்திரி இருப்பதால்தான். முதலில் ஊரின் குழந்தைகள், பிறகு ஊரின் நிலம் என்ற அந்த வரிசையைப் பெரும்பாலோர் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம்.

பள்ளிக்கும் இது பொருந்தும். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாச் சிற்றூரிலும் பள்ளி இருக்கிறது, பிள்ளைகள்தான் இல்லை. இருபது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் என்று நடக்கும் பள்ளியைத் தாண்டி, தனியார் பள்ளி வேன் மஞ்சள் நிறத்தில் போய்வருகிறது. கிராமத்தை நேசித்து வந்தவர்களும் வீட்டுக் கல்வி, மாற்றுப் பள்ளி என்று வேறு வழி தேடுகிறார்கள். மாற்றுப் பள்ளிகள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் தினம் நாற்பது கிலோமீட்டர் போய்வரும் மாற்றுக் கல்வியைவிட, நடந்து போகும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்து கழிப்பறைக்குத் தண்ணீர் கேட்பது இந்த வாழ்வுக்கு நெருக்கமானது. 2023 ஆகஸ்டு முதல் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலையில் சூடான சாப்பாடு இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து உண்ண நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள். தோட்டத்தில் தனியாக வளரும் குழந்தைக்கு வரகரிசியைவிட அந்த நாலு பேர் முக்கியம்.

அந்த நாலு பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்ற கேள்வியும் உடனே வரும். ஊரில் வாடகைக்கு வீடு கேட்டால் முதலில் விசாரிப்பது சாதியைத்தான். காலனிப் பிள்ளை வீட்டுக்குள் வந்து விளையாடினால் மறுநாள் பால் ஊற்ற வருபவரின் முகம் மாறும். குடிபோகிறவர்கள் இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று முன்கூட்டியே மனதில் முடிவு செய்துகொள்ள வேண்டும், குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. குடிவந்தவர்களின் நிலத்தில் களையெடுக்க வரும் பெண்ணின் வீட்டில் காரில்லை, ஏ.சி. இல்லை, பழந்துணிதான் டயப்பர். அவரை யாரும் சூழல் நேயர் என்று அழைப்பதில்லை. அதே புளூரைடு நீரைக் குடிக்கும் அவருடைய பிள்ளைக்குத் திரும்பிப் போக நகரமும் இல்லை. வந்தவர்களுக்கு வடிகட்டி வாங்க வசதி இருக்கலாம். ஊர்த் தொட்டி நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதித்து, முடிவை எல்லோர்க்கும் தெரியும்படி எழுதி ஒட்டச் செய்தால் இரண்டு வீட்டுப் பிள்ளையும் பிழைக்கும்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியில் எத்தனை கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை, மூடாத ஆழ்துளைக் குழிகள் எங்கே இருக்கின்றன, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி இருப்பு, அங்கன்வாடிப் பணியிடம் ஏன் காலி, பள்ளி விடும் நேரத்துக்கு மினி பஸ் ஏன் இல்லை என்று அங்கே கேட்கலாம். பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லலாம். நிலம் பார்க்கப் போகும் இளம் பெற்றோர் மண் பரிசோதனைக்கு முன்பே ஒரு முறை அந்த ஊரின் கிராம சபையில் போய் உட்கார்ந்து பார்க்கட்டும்.