யானைக்கு எத்தனை பக்கம்?

வீட்டில் நாலாங்கிளாஸ் வாண்டு ஏதாவது இருந்தால் ஒரு யானை வரையச் சொல்லிப் பாருங்கள். தும்பிக்கை, வால், முறம் மாதிரி ஒரு காது... இரண்டே நிமிஷத்தில் ரெடி. அதே வாண்டிடம் களிமண்ணைக் கொடுங்கள். யானை நிற்காது. கால் மடங்கி சப்பென்று உட்கார்ந்துவிடும். 'காலை இன்னும் குண்டாக்கணும்ப்பா' என்று அதுவே கண்டுபிடிக்கும் பாருங்கள், அங்கே சிற்பத்தோடு கொஞ்சம் இன்ஜினீயரிங்கும் ஆரம்பமாகிறது.

நம் பள்ளிக்கூட யானைக்கு எப்போதும் ஒரு பக்கம்தான். டிராயிங் பீரியடையும் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. களிமண் என்ற வார்த்தையே பையன் தலைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வதற்குத்தான். பேப்பரில் நாற்பது மார்க் தாண்டாத கடைசி பெஞ்சு, கையில் மண் கிடைத்தால் முதல் பெஞ்சாகலாம். யார் கொடுத்துப் பார்த்தார்கள்?

சுற்றி வந்து பார்க்கும் பழக்கமே நமக்கு விட்டுப்போச்சு. மாமல்லபுரத்தில் சகாதேவ ரதத்தின் பின்புறம் யானை முதுகு போல வளைந்திருக்கும். பக்கத்திலேயே ஒரே கல்லில் முழு யானை. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பியின் குறும்பு! வடக்கே போய் இரண்டு முதுகையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும். நாமோ பக்கவாட்டில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு டிபன் சாப்பிடப் போய்விடுகிறோம்.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். கதிர்காமத்தில் பைக்கை உதைத்தால் கொஞ்ச நேரத்தில் வில்லியனூர். அந்த ஊர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அங்கத்திய கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ. இத்தனை பக்கத்தில் இருந்தும் கதிர்காமத்துப் பையன் யானையை நோட்டிலேயே படுக்க வைத்தால் அநியாயமில்லையா? 'சூளைக்கு எங்கே போவது?' என்கிற ஹெட்மாஸ்டரும் தப்பிக்க முடியாது. அதே புதுச்சேரியில் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் குறியீடு இருக்கிறது. பழைய பேப்பர், பசை போதும், நெருப்பே வேண்டாம்.

மண் வேலையில் பெரிய ரகசியம் இல்லை. காற்றுக் குமிழி போகப் பிசையணும். ஒட்டுகிற இடத்தில் இரண்டு பக்கமும் கீறி, குழைத்த சேறு தடவணும். தடியான வயிற்றைக் குடைந்து கூடாக்கணும். நிழலில் மெள்ளக் காயணும். அவசரப்பட்டு ஈரத்தோடு சூளையில் வைத்தால் உள்ளே தண்ணீர் ஆவியாகி, யானை தீபாவளி கொண்டாடிவிடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு வில்லியனூர் போய்விட்டு வாருங்கள். திரும்பும்போது பைக் சீட்டெல்லாம் மண்ணாகும். வாட்டர் வாஷுக்குத் தனியாக எடுத்து வையுங்கள்.